ராஜாஜியின் 44, காங்கிரஸின் 44: எதிர்க்கட்சித் தலைவரை யார் தீர்மானிக்கிறார்கள்?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். 1967 தேர்தலில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சிதான் மக்களவையில் பெரிய எதிர்க்கட்சி என்று ஒரு நூலில் இருக்கிறது. ஆனால் முதல் எதிர்க்கட்சித் தலைவர் 1969இல்தான் வந்தார் என்று இன்னொரு நூல் சொல்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும்? கட்சித் தலைவர், நாடாளுமன்றக் குழுத் தலைவர், கொறடா என்று இத்தனை பதவிகள் எதற்கு?"

இரண்டும் சரிதான். பெரிய எதிர்க்கட்சியாக இருப்பது வேறு, அதன் தலைவர் 'எதிர்க்கட்சித் தலைவர்' என்று அங்கீகாரம் பெறுவது வேறு. முதலாவதை வாக்காளர்கள் தீர்மானிக்கிறார்கள். இரண்டாவதைச் சபாநாயகர் தீர்மானிக்கிறார். சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்ற வரலாற்றில் பல சச்சரவுகள் இந்த இடைவெளியில்தான் பிறந்தன. தருமபுரியில் பல ஆண்டுகள் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் பதவிகள். கட்சித் தலைவர் என்பவர் கட்சி அமைப்பின் தலைவர். அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாடாளுமன்றக் குழுத் தலைவர் என்பவர் அந்தக் கட்சியின் உறுப்பினர்களுக்கு அவைக்குள்ளே தலைமை தாங்குபவர். 2024இல் தி.மு.க. எப்படிப் பிரித்துக்கொண்டது என்று பாருங்கள். இரு அவைகளுக்கும் சேர்த்து நாடாளுமன்றக் குழுத் தலைவர் கனிமொழி, மக்களவைக் குழுத் தலைவர் டி.ஆர். பாலு, உறுப்பினர்கள் அவைக்கு வந்து கட்சி சொன்னபடி வாக்களிப்பதைப் பார்த்துக்கொள்ளும் கொறடா ஆ. இராசா. கட்சியின் தலைவரோ சென்னையில் முதலமைச்சராக இருந்தார். தருமபுரி உறுப்பினர் ஆ. மணி மக்களவையில் எப்போது பேசலாம், எந்தப் பக்கம் வாக்களிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த அடுக்கின் வழியாகத்தான் அவருக்கு வந்து சேரும். உங்கள் கிருஷ்ணகிரி உறுப்பினர் கோபிநாத்துக்கு அந்தத் தாக்கீது காங்கிரஸின் தலைமைக் கொறடா கொடிக்குன்னில் சுரேஷிடமிருந்து வரும்.

இவர்களைத் தவிர 'அவை முன்னவர்' என்று ஒருவர் உண்டு. ஆளும் தரப்பின் அவைத் தலைவர் அவர். பிரதமர் மக்களவை உறுப்பினராக இருந்தால் அவரே அவை முன்னவர். இல்லையென்றால் மக்களவை உறுப்பினரான ஓர் அமைச்சரைப் பிரதமர் நியமிப்பார். 1966இல் இந்திரா காந்தி பிரதமரானபோது மாநிலங்களவையில் இருந்தார், அதனால் மக்களவையில் சத்ய நாராயண் சின்ஹா முன்னவரானார். மன்மோகன் சிங் காலத்தில் பிரணாப் முகர்ஜியும், 2012க்குப் பிறகு சுஷில்குமார் ஷிண்டேயும் அந்த இடத்தில் இருந்தார்கள். இதில் பெரிய சர்ச்சை எதுவும் எழுந்ததில்லை. சர்ச்சையெல்லாம் எதிர்வரிசையைப் பற்றித்தான்.

வெள்ளையர் ஆட்சியிலேயே அவைக்குள் கட்சித் தலைமை என்ற பழக்கம் நம்மவர்களுக்கு வந்துவிட்டது. 1923 தேர்தலுக்குப் பின் மத்திய சட்டசபையில் சுயராஜ்யக் கட்சிக்கு மோதிலால் நேரு தலைமை தாங்கினார். 1934 தேர்தலுக்குப் பின் காங்கிரஸ் அணிக்குப் புலாபாய் தேசாய் தலைவர். நம் சத்தியமூர்த்தி அந்த அணியின் வலிமையான குரல்களில் ஒன்று. அரசாங்கத்தை மாற்ற முடியாத சபை அது. ஆனாலும் கேள்வி கேட்பதும், வரவு செலவுத் திட்டத்தை வாக்கெடுப்பில் தோற்கடிப்பதும், அணியாக எழுந்து வெளிநடப்புச் செய்வதும் அங்கே கற்றுக்கொண்டவைதான்.

1952இல் முதல் மக்களவை கூடியபோது காங்கிரஸ் மலைபோல் உட்கார்ந்திருந்தது. 16 இடங்களை வென்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிதான் எதிர்வரிசையில் பெரியது. அதன் தலைவர் ஏ.கே. கோபாலன். சியாமா பிரசாத் முகர்ஜி சிறு கட்சிகளையும் சுயேச்சைகளையும் ஒன்றுதிரட்டித் தேசிய ஜனநாயகக் குழு என்று ஓர் அணி அமைத்துப் பார்த்தார். இருவருக்கும் அதிகாரப்பூர்வ அங்கீகாரம் கிடைக்கவில்லை. முதல் சபாநாயகர் மாவ்லங்கர் வகுத்த நெறி குறுக்கே நின்றது: ஒரு கட்சியை அவை அங்கீகரிக்க வேண்டுமென்றால் அதற்குக் கோரத்துக்குச் சமமான பலமாவது வேண்டும். கோரம் என்பது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை. அரசியல் சட்டத்தின் 100ஆவது பிரிவு அதை மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு என்கிறது. தனியாகவே அவையை நடத்தும் அளவுக்கு ஆள்பலம் உள்ள கட்சிதான் மாற்று அரசாகக் கருதத்தக்கது என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். அந்தக் காலத்துக்கு அது நியாயமான எண்ணம் என்றே நினைக்கிறேன். சிதறிக் கிடந்த சிறு குழுக்களைப் பெரிய கட்சிகளாகச் சேரத் தூண்டும் என்று மாவ்லங்கர் நம்பியிருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது சபாநாயகரின் நெறிமுறையாக வந்தது, நாடாளுமன்றம் இயற்றிய சட்டமாக வரவில்லை.

இப்போது ராஜாஜிக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள் சிலரை ஓசூரை அடுத்த தொரப்பள்ளிக்கு அழைத்துப்போனேன். அவர் 1878இல் பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது. சிறிய வீடு. அதன் வாசலில் நின்றபடி ஒரு பையன் கேட்டான்: "ஐயா, இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் எதற்காக எண்பது வயதில் புதுக்கட்சி தொடங்கினார்?" சரியான கேள்வி. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது ராஜாஜிக்கு எண்பது வயது முடிந்திருந்தது. எதற்கும் லைசென்ஸ், எதற்கும் பெர்மிட் என்ற ஆட்சிமுறையை அவர் எதிர்த்தார். அதைவிட முக்கியமாக, வலுவான எதிர்க்கட்சி இல்லாத நாடாளுமன்றம் நாட்டுக்கு ஆபத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 1962இல் அவர் கட்சிக்கு மக்களவையில் 18 இடங்கள். 1967இல் 44. எதிர்வரிசையில் அதுதான் பெரிய கட்சி. தொரப்பள்ளி அப்போது, இரண்டே ஆண்டுகளுக்கு முன் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்.

அன்றைய மக்களவையில் 520 இடங்கள். பத்தில் ஒரு பங்கு 52. நாற்பத்துநான்குக்கும் ஐம்பத்திரண்டுக்கும் இடையில் எட்டு பேர். அந்த எட்டுப் பேர் இல்லாததால், ஒரு நல்ல எதிர்க்கட்சிக்காகவே தொடங்கிய கட்சிக்கு எதிர்க்கட்சித் தலைவர் பதவி கிடைக்கவில்லை. அந்த 44 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள். 47 ஆண்டுகள் கழித்து அது வேறொரு கட்சியின் தலையில் வந்து விழுந்தது.

ஆக, முதல் எதிர்க்கட்சித் தலைவர் எங்கிருந்து வந்தார்? ஆளும் கட்சிக்குள்ளிருந்து வந்தார். இந்த இடத்தில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். 1966 ஜனவரியில் சாஸ்திரி மறைந்த பிறகு காங்கிரஸின் நாடாளுமன்றக் கட்சி, தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு நடத்தியது. இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜி தேசாய்க்கு 169. இந்திராவுக்கு ஆதரவு திரட்டியவர் கட்சித் தலைவராக இருந்த காமராஜர். நாடாளுமன்றக் கட்சித் தலைமை ஒருவரிடம், கட்சி அமைப்பு இன்னொருவரிடம். மூன்றே ஆண்டுகளில் அந்த இரண்டும் நேருக்கு நேர் மோதின. 1969 நவம்பரில் கட்சி இந்திராவை நீக்கியது. நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்திராவோடு போனார்கள். காமராஜர், மொரார்ஜி, அப்போதைய கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா ஆகியோரோடு நின்றவர்கள் ஸ்தாபன காங்கிரஸ் ஆனார்கள். மக்களவையில் ஸ்தாபன காங்கிரஸுக்குப் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிய பலம் இருந்தது. அதன் தலைவர் ராம் சுபக் சிங்கை 1969 டிசம்பரில் சபாநாயகர் எதிர்க்கட்சித் தலைவராக அங்கீகரித்தார். ஒரு மாதத்துக்கு முன்புவரை அவர் இந்திராவின் அமைச்சரவையில் ரயில்வே அமைச்சர்! அதே அவையில் தி.மு.க.வும் கம்யூனிஸ்டுகளும் எதிர்ப்பக்கத்திலிருந்து இந்திராவின் சிறுபான்மை அரசைத் தாங்கிப் பிடித்தார்கள்.

மக்கள் யாரும் வாக்களித்து அந்த எதிர்க்கட்சியை உருவாக்கவில்லை. அப்படியிருந்தும் இந்தியாவுக்கு முதல் எதிர்க்கட்சித் தலைவர் கிடைத்தார். மக்கள் வாக்களித்து உருவாக்கிய சுதந்திராக் கட்சிக்குக் கிடைக்கவில்லை. நெறியில் பிழை இல்லை, ஆனால் அது எதை அளக்கிறது என்பதை இது காட்டுகிறது. நாற்காலிகளின் எண்ணிக்கையை மட்டும்தான் அது அளக்கிறது.

1970 இறுதியில் அவை கலைக்கப்பட்டதும் அந்தப் பதவியும் போனது. 1971 தேர்தலில் எதிர்வரிசையில் பெரிய கட்சியான மார்க்சிஸ்ட் கட்சிக்கு 25 இடங்கள்தான். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975இல் மக்களவைக்கு அதிகாரப்பூர்வ எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவரும் இல்லை என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் அமைதியாகிவிடுவார்கள்.

1977இல் காங்கிரஸ் தோற்று எதிர்வரிசைக்கு வந்தது. ஒய்.பி. சவான் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்த ஆண்டே ஜனதா அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: இரு அவைகளின் எதிர்க்கட்சித் தலைவர்களுக்கும் ஊதியமும் வசதிகளும் வழங்கும் சட்டம். எதிரியின் தலைவருக்கு அரசுச் சம்பளம் கொடுக்க வழிவகுத்த அந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன். அதன் விளக்கத்தை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். அவையில் அரசை எதிர்க்கும் கட்சிகளில் அதிக எண்ணிக்கை உடையது எதுவோ அதன் தலைவர், சபாநாயகர் அவ்வாறு அங்கீகரித்தவர். அவ்வளவுதான். பத்தில் ஒரு பங்கு என்ற பேச்சே அதில் இல்லை.

இன்றைய மக்களவையில் பத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் 55 என்ற எண் ஒரு சட்டத்தில் வருகிறது. அது 1998இல் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், குழுக்கள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் தலைமைக் கொறடாக்களுக்கும் வசதிகள் அளிப்பதற்கான சட்டம். மக்களவையில் 55 பேருக்குக் குறையாமல் இருந்தால் 'கட்சி', 30 முதல் 54 வரை இருந்தால் 'குழு' என்று அது பிரிக்கிறது. அலுவலக வசதி போன்றவற்றுக்கான சட்டம் அது. எதிர்க்கட்சித் தலைவர் யார் என்பதற்கு விளக்கம் சொல்வது 1977 சட்டம். இரண்டையும் குழப்பிக்கொண்டு "சட்டப்படி 55 வேண்டும்" என்று எழுதும் வழிகாட்டி நூல்கள் நிறைய இருக்கின்றன. நீங்கள் அப்படி எழுதாதீர்கள்.

அடுத்த ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1980 முதல் 1989 வரை பதவி காலி. 1984 தேர்தலுக்குப் பின் எதிர்வரிசையில் பெரிய கட்சி ஒரு மாநிலக் கட்சி, 30 இடங்கள் பெற்ற தெலுங்கு தேசம். 1989இல் ராஜீவ் காந்தி, பிறகு அத்வானி, வாஜ்பாய். 1996 மே மாதம் வாஜ்பாய் பதின்மூன்று நாள் பிரதமராக இருந்தபோது முன்னாள் பிரதமர் நரசிம்ம ராவ் எதிர்க்கட்சித் தலைவர். அடுத்த மாதம் பிறந்ததும் இருக்கைகள் மாறி வாஜ்பாய் மறுபடியும் எதிர்வரிசைக்கு வந்துவிட்டார். 1998இல் இன்னொரு புதுமை. நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாமலேயே சோனியா காந்தி காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சியின் தலைவரானார், மக்களவையில் சரத் பவார் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். அடுத்த ஆண்டு சோனியாவே உறுப்பினராகி அந்த இடத்துக்கு வந்தார். 2004இல் அத்வானி, 2009இல் சுஷ்மா ஸ்வராஜ்.

2014இல் காங்கிரஸ் வென்ற இடங்கள் 44. ராஜாஜியின் அதே 44. தேவைப்பட்டது 55. காங்கிரஸ் கேட்டது, சபாநாயகர் சுமித்ரா மகாஜன் மறுத்தார். முந்தைய மரபைக் காரணமாகக் காட்டினார். அந்த மரபு காங்கிரஸ் ஆட்சிக் காலங்களில் காங்கிரஸ் சபாநாயகர்களால் காப்பாற்றப்பட்ட மரபு என்பதும் உண்மை. 2019இல் 52 இடங்கள், மூன்று குறைந்தது. மல்லிகார்ஜுன கார்கேவும் பிறகு அதிர் ரஞ்சன் சௌத்ரியும் கட்சியின் மக்களவைத் தலைவர்களாக மட்டும் இருந்தார்கள். 2024இல் 99 இடங்கள் வந்த பிறகுதான் ராகுல் காந்தி அந்தப் பதவியில் அமர்ந்தார். 1952 முதல் 2024 வரை கணக்கிட்டால், சுமார் 44 ஆண்டுகள் மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் இல்லாமலேயே நடந்திருக்கிறது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். 1967இல் சுதந்திராக் கட்சிக்கு மறுத்ததும் தவறு, 2014இல் காங்கிரஸுக்கு மறுத்ததும் தவறு. முன்னதாவது 1977 சட்டம் இல்லாத காலம். பின்னதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. 2015இல் டெல்லி சட்டமன்றத்தில் 70 பேரில் பா.ஜ.க.வுக்கு மூன்றே பேர்தான். ஆம் ஆத்மி ஆட்சியில் இருந்த அந்த அவையின் சபாநாயகர் அவர்களில் ஒருவரை எதிர்க்கட்சித் தலைவராக ஏற்றுக்கொண்டார். மனம் இருந்தால் வழி இருக்கிறது.

வெறும் கௌரவப் பிரச்சினை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. லோக்பால், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர், சி.பி.ஐ. இயக்குநர், தலைமைத் தகவல் ஆணையர் ஆகியோரைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் எதிர்க்கட்சித் தலைவருக்கு இடம் உண்டு. அவர் இல்லையென்றால் பெரிய எதிர்க்கட்சியின் தலைவர் என்று சில சட்டங்களில் மாற்று ஏற்பாடு இருக்கிறது. லோக்பால் சட்டத்தில் அது இல்லை. அந்தச் சட்டம் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் லோக்பால் நியமிக்கப்பட்டது 2019 மார்ச்சில். நடுவில் கார்கேயை 'சிறப்பு அழைப்பாளர்' என்று தேர்வுக் குழுவுக்கு அழைத்தார்கள். வாக்கு இல்லாத இடத்தில் உட்கார்ந்து என்ன பயன் என்று அவர் போக மறுத்துவிட்டார்.

கடைசியாகக் கொறடா. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். கொறடா என்றால் சாட்டை. ஆங்கிலேயரின் நரி வேட்டையில் நாய்கள் கூட்டத்தைவிட்டு விலகாமல் சாட்டையோடு திருப்பி ஓட்டுபவரின் பெயர்தான் அவர்கள் நாடாளுமன்றத்தில் இந்தப் பதவிக்கு வந்தது. அதை நம் மொழிக்குக் கொண்டுவந்தவர்கள் சாட்டையையே எடுத்துக்கொண்டார்கள். கொறடா அனுப்பும் தாளில் வாசகத்தின் கீழே கோடு போடுவது வழக்கம். ஒரு கோடு என்றால் வாக்கெடுப்பு உண்டு என்ற தகவல். இரண்டு கோடு என்றால் அவையில் இருக்க வேண்டும். மூன்று கோடு என்றால் வந்தே ஆக வேண்டும், கட்சி சொன்னபடி வாக்களித்தே ஆக வேண்டும்.

1985க்கு முன் அதை மீறினால் கட்சி நடவடிக்கை எடுக்கும், அவ்வளவுதான். அந்த ஆண்டு 52ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. அதுதான் கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகும். மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் தப்பிக்கலாம் என்றிருந்த வழியை 2003இல் 91ஆவது திருத்தம் மூடியது. 1969இல் நடந்ததைப் போல ஒரு பிளவு இன்று நடந்தால், பிரிந்தவர்கள் பதவியைக் காப்பாற்றிக்கொள்வதே கடினம். ராம் சுபக் சிங் எதிர்க்கட்சித் தலைவரான கதவு அதோடு அடைபட்டுவிட்டது என்று சொல்லலாம். அரசு கவிழாமல் இருக்க இந்தச் சட்டம் உதவியிருக்கிறது. ஆனால் சாதாரண மசோதாவுக்கும் அதே சாட்டையைச் சுழற்றுவதால், நம் தொகுதியின் குரல் கட்சியின் குரலுக்குள் கரைந்துபோகிறது. நம்பிக்கை வாக்கெடுப்பு, வரவு செலவுத் திட்டம் ஆகிய இரண்டுக்கு மட்டும் அது இருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

இதற்கு நேர் எதிரான நிலையைத் தருமபுரி பார்த்திருக்கிறது. 2014இல் பாட்டாளி மக்கள் கட்சி நாட்டிலேயே வென்ற ஒரே தொகுதி நம்முடையது. அன்புமணி ராமதாஸ்தான் மக்களவையில் அந்தக் கட்சியின் ஒரே உறுப்பினர். குழுத் தலைவரும் அவரே, கொறடா என்று ஒருவர் இருந்தால் அவரும் அவரே. அவரை அடக்க அவைக்குள் யாரும் இல்லை. ஆனால் விவாதத்தில் பேசும் நேரம் கட்சிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. ஒற்றை உறுப்பினருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். தொலைக்காட்சியில் மக்களவை நேரலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒற்றை ஆள் கட்சிக்காரர் எழுந்து தொடக்க வணக்கம் சொல்லி விஷயத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும்.

தேர்வுக்கு உதவும் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். பல நூல்களில் முதல் எதிர்க்கட்சித் தலைவர் ஏ.கே. கோபாலன் என்று இருக்கும். அவர் மிகப்பெரிய எதிர்க்குழுவின் தலைவர். அங்கீகரிக்கப்பட்ட முதல் எதிர்க்கட்சித் தலைவர் என்று கேட்டால் ராம் சுபக் சிங் என்றே எழுதுங்கள்.

அவையின் அமைப்பையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சபாநாயகரின் வலப்பக்கம் ஆளும் தரப்பு, இடப்பக்கம் எதிர்த்தரப்பு. இடப்பக்க முன்வரிசையின் முதல் இருக்கை துணை சபாநாயகருக்கு, அதையடுத்து எதிர்க்கட்சித் தலைவர். கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த 1985இல் அந்த முதல் இருக்கையில் அமர்ந்தவர் தருமபுரி உறுப்பினர் தம்பிதுரை. அவர் சொந்த ஊர் உங்கள் மாவட்டத்துச் சிந்தகம்பள்ளி. 1989 வரை அவர் அங்கே இருந்தார். பக்கத்து இருக்கைக்கு உரிய எதிர்க்கட்சித் தலைவர் அந்த ஐந்து ஆண்டுகளும் இல்லை. 2014இல் கரூரிலிருந்து வென்று மறுபடி அதே பதவிக்கு வந்தார், அப்போதும் இல்லை. 2019இல் அமைந்த 17ஆவது மக்களவையிலோ துணை சபாநாயகரையே கடைசிவரை தேர்ந்தெடுக்கவில்லை. அந்த அவையில் இரண்டு இருக்கைகளுக்கும் உரியவர்கள் இல்லை.